கோட்டை புனித மரியாள் ஆலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளை ஊசிக் கோபுரத்தோடு நிற்கிறது புனித மரியாள் ஆலயம். 1680ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது, இன்றும் வழிபாடு நடக்கிறது. பார்க்க வருபவர்களும், மூதாதையரைத் தேடி எழுதுபவர்களும், பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

மரியாள் பெயரில் சென்னையில் பல ஆலயங்கள் இருக்கின்றனவே, இது எது?

இந்தக் குழப்பத்தில் தவறான இடத்துக்குப் போய் நிற்பவர்கள் நிறைய. வடசென்னையிலேயே மூன்று இருக்கின்றன.

கோட்டைக்குள் இருப்பது ஆங்கிலேயர் கட்டியது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது. இந்தப் பக்கம் முழுக்க இதைப் பற்றித்தான். ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் தெருவில் இருப்பது ஆர்மீனியர்களின் கன்னி மரியாள் ஆலயம். 1712ல் தொடங்கி 1772ல் மறுபடி கட்டப்பட்டது, தனியே நிற்கும் மணிக்கூண்டால் பெயர் பெற்றது. அதே தெருவில் கத்தோலிக்கர்களின் புனித மரியன்னை இணைப் பேராலயமும் இருக்கிறது. ஆட்டோவில் ஏறும்போது "கோட்டைக்குள்ளே இருக்கிற சர்ச்" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: இது பேராலயம் அல்ல. பேராயரின் இருக்கை உள்ள புனித ஜார்ஜ் பேராலயம் கதீட்ரல் சாலையில் இருக்கிறது, 1815ஐச் சேர்ந்தது. கோட்டை ஆலயம் அதைவிட 135 ஆண்டு மூத்தது.

சென்னையிலேயே பழைய தேவாலயம் இதுதானா?

இல்லை. மயிலாப்பூர் லஸ் ஆலயத்துக் கல்வெட்டு 1516 என்கிறது. போர்த்துக்கீசியர்கள் சாந்தோமில் வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் ஆங்கிலேயர் இங்கே கோட்டைக்கு மண் வெட்டினார்கள். கோட்டை ஆலயத்துக்குப் பொருந்தும் பெருமை வேறு: சூயஸுக்குக் கிழக்கே எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயம் இது. "கிழக்கின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே" என்ற பட்டப்பெயரும் உண்டு. ஆனால் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். லண்டனில் இருக்கும் அந்த அபே வானத்தைத் தொட எழும்பியது. இதுவோ குண்டு விழுந்தாலும் அசையாதபடி தரையில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது.

ஆலயம் வருவதற்கு முன் கோட்டைக்காரர்கள் எங்கே வழிபட்டார்கள்?

1640 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கோட்டை மாளிகையின் உணவுக்கூடத்தில்தான். அதே சமயம் கோட்டைக்குள் கத்தோலிக்கர்களுக்குத் தனி ஆலயமே இருந்தது. எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி 1642ல் தொடங்கிய புனித அந்திரேயா ஆலயம் அது. கோட்டையில் குடியிருந்த போர்த்துக்கீசியர்களுக்கு அதுவே பங்குக் கோயில். 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்து 1749ல் திருப்பிக் கொடுத்தபின், கத்தோலிக்கர்கள்மேல் ஆங்கிலேயருக்குச் சந்தேகம் முற்றியது. அந்த ஆலயம் இடிக்கப்பட்டது.

யார் கட்டினார்கள்? பணம் எங்கிருந்து வந்தது? மரியாள் பெயர் ஏன்?

ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் பதவியேற்ற சில வாரங்களிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கஜானாவைத் தொடவில்லை. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த நன்கொடை 805 வராகன்.

1678 மார்ச் 25 அன்று கட்டுமானம் தொடங்கியது. கபிரியேல் தூதன் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது, ஆலயத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. அந்த நாளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி புத்தாண்டு பிறப்பது சனவரி 1ல் அல்ல, மார்ச் 25ல். புத்தாண்டின் முதல் நாளில் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பழைய கணக்கைப் புரிந்துகொண்டால் கல்லறைத் தேதிகளையும் பிழையில்லாமல் படிக்கலாம். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

பிரதிஷ்டை 1680 அக்டோபர் 28. கடல் கடந்த ஆங்கிலேயர்கள் அப்போது லண்டன் பேராயரின் பொறுப்பில் இருந்தார்கள். அவர் அனுப்பிய ஆணையின்படி கோட்டைக் குரு ரிச்சர்ட் போர்ட்மன் பிரதிஷ்டை செய்தார்.

வரைபடம் போட்டது யார் என்பதில் புத்தகங்கள் எட்வர்ட் ஃபௌல், வில்லியம் டிக்சன் என இரண்டு பெயர்களைச் சொல்கின்றன. இருவருமே பீரங்கிப் படை சம்பந்தப்பட்டவர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அவர்கள் கையெழுத்து கூரையில் தெரிகிறது. செங்கல் அறுத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், வளைவுக்குச் சாரம் கட்டியவர்கள் நம்மவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படவில்லை.

கூரை ஏன் சுரங்கப்பாதை மாதிரி வளைந்திருக்கிறது?

அந்தக் காலத்துச் சென்னையில் கூரை என்றால் தேக்கு உத்தரம், குறுக்கே சட்டம், மேலே கட்டுச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புத் தளம். மெட்ராஸ் டெரஸ் என்று இன்றும் சொல்கிறோம். சுலபமானது, சிக்கனமானது. ஆனால் மரத்தின்மேல் பீரங்கிக் குண்டு விழுந்தால் கூரை உள்ளே இறங்கும், பிறகு தீப்பிடிக்கும். கறையான் வேறு. கோட்டை கடலோரத்தில் இருப்பதால் எதிரியின் கப்பலும் எட்டும், புயலும் எட்டும்.

எனவே கதவும் சன்னலும் தவிரக் கட்டடத்தின் உடலில் மரத்தையே தவிர்த்தார்கள். நடுக்கூடம் ஒன்று, பக்கக்கூடம் இரண்டு. மூன்றுக்கும் நீளவாக்கில் செங்கல் வளைவுக் கூரை. கூரையின் கனம் 2 அடி. வெளிச்சுவர்களின் கனம் 4 அடி. சன்னல் ஓரத்தில் நின்று கையைச் சுவருக்குள் நீட்டிப் பாருங்கள், முழங்கை தாண்டியும் சுவர் முடியாது.

இந்த எண்களைச் சும்மா கடந்துவிட வேண்டாம். 2 அடிக் கனச் செங்கல் கட்டு ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். வளைவு அந்தப் பாரத்தை நேராகக் கீழே இறக்காது, பக்கவாட்டில் தள்ளும். நடுவளைவு ஒன்றை மட்டும் கட்டியிருந்தால் அது தன் சுவர்களையே வெளியே சாய்த்துவிடும். இங்கே நடுவளைவின் தள்ளலைப் பக்கவளைவுகள் எதிர்த்துத் தள்ளிச் சமன் செய்கின்றன. அவற்றின் தள்ளலை 4 அடிச் சுவர் வாங்கிக்கொள்கிறது. சுவர் அவ்வளவு கனமாக இருப்பது குண்டுக்காக மட்டும் அல்ல, கூரையைப் பிடித்து வைப்பதற்காகவும்தான். யாராவது "உள்ளே இடம் பத்தவில்லை, பக்கச் சுவரில் ஒரு பெரிய வழி திறக்கலாமே" என்றால், இந்த வகைக் கட்டடத்தில் அது கூரையில் கைவைப்பதற்குச் சமம்.

உண்மையில் முற்றுகையைத் தாங்கியதா?

தாங்கியது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைச் சூழ்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் சுட்டார். கோட்டைக்குள் வீடுகள் நொறுங்கின, ஆலயத்தின் கூரை நின்றது. போர்க்காலங்களில் வழிபாட்டை நிறுத்திவிட்டு இந்தக் கூரைக்கு அடியில் படையினரைத் தங்கவைத்ததும் தானியம் அடுக்கியதும் உண்டு.

கோபுரமும் அதே காலத்ததா?

இல்லை. முதலில் கோபுரமே கிடையாது. 1701ல் மேற்கே தனிக் கோபுரம் எழுந்தது. பிறகு, லாலியின் முற்றுகைக்கு அடுத்த சீரமைப்பில், அதை ஆலயத்தோடு இணைத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் ஊசி முனை 1795ஐச் சேர்ந்தது. உற்றுப் பார்த்தால் ஆலயத்தின் உடலும் கோபுரமும் வெவ்வேறு கை வேலை என்பது தெரியும். கீழே படைவீரனின் தடித்த கட்டு, மேலே நூறு ஆண்டுக்குப் பிந்திய நகரத்து ரசனை.

உள்சுவர்ப் பூச்சு பளிங்கு மாதிரி மின்னுமாமே? எப்படிச் செய்தார்கள்?

மெட்ராஸ் சுண்ணாம்பு என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பூச்சு அது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் மண்ணும் களியும் இல்லாததால் வெண்மை தூயதாக வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மராமத்துக் குறிப்புகள் மூன்று பூச்சுகளைச் சொல்கின்றன.

முதல் பூச்சு: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரைப் பங்கு மணல், வெல்லத் தண்ணீரில் குழைத்து அரை அங்குலக் கனம். முழுக்கக் காய்வதற்குள் அடுத்தது வர வேண்டும். இரண்டாம் பூச்சு: மூன்று பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு வெள்ளை மணல், அம்மியில் நைஸாக அரைத்து, மெல்லியதாக. மூன்றாவதுதான் மினுக்கும் பூச்சு. மிக வெண்மையான கிளிஞ்சல் சுண்ணாம்பு நான்கு பங்குக்கு வெள்ளை மணல் ஒரு பங்கு, வெண்ணெய் போல வரும்வரை அரைப்பார்கள். அதில் முட்டை வெள்ளைக்கரு, நெய், புளித்த தயிர், சிறிது மாக்கல் பொடி சேரும். பூசியதும் கரணையால் மட்டம் செய்து, பிறகு வழவழப்பான கூழாங்கல்லாலோ படிகக் கல்லாலோ தேய்ப்பார்கள். தேய்க்கும்போது சுவர் வியர்த்தாற்போல ஈரம் விடும். அதைத் துணியால் ஒற்றி ஒற்றி, ஈரம் வருவது நிற்கும்வரை தேய்ப்பதுதான் வேலையின் உயிர். பாதியில் நிறுத்தினால் மினுக்கு திட்டுத் திட்டாகத்தான் வரும்.

முட்டையும் தயிரும்தான் ரகசியம் என்று நினைப்பது தவறு. அவை பூச்சை இழுக்க இலகுவாக்கும், நீரைக் கொஞ்சம் தள்ளும். பளபளப்பு வருவது நைஸாக அரைத்ததாலும் கல்லால் தேய்த்து அழுத்தியதாலும்தான்.

பழைய சுவரில் விரிசல் வந்தால் சிமெண்ட் வைத்து அடைக்கலாமா?

கூடவே கூடாது. பழைய ஆலயங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் ஊர்ப் பக்கம் நல்ல மனதோடு செய்யப்பட்டுப் பாழாகும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

சுண்ணாம்புக் கட்டு ஈரத்தை உள்ளே வாங்கி, வெயிலில் வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை மூடிவிடுகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே வர முடியாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். கடலோரக் காற்றிலும் மண்ணிலும் உப்பு அதிகம். ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகிச் செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனபின் சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்று விழும். கூடவே செங்கல்லின் முகமும் மாவாக உதிரும். சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டியானது என்பது இன்னொரு சிக்கல். வளைவு வெப்பத்தில் கொஞ்சம் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்புச் சாந்து விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. விரிசல் அடைத்த இடத்தை விட்டுப் பக்கத்துச் செங்கல்லில் புதிதாகப் பிறக்கும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கெடுதலைத்தான் செய்கிறது.

சரியான வழி: முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வளைவுக் கூரைகளில் பெரும்பாலும் இரண்டு வளைவுகள் சேரும் பள்ளத்தில் நீர்த்தாரை அடைபட்டிருக்கும், அல்லது அரசங்கன்று ஒன்று வேர் விட்டிருக்கும். கன்றைப் பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். தண்டை வெட்டி, வேரைக் கொல்லும் மருந்தை வெட்டுவாயில் வைத்து, வேர் செத்தபிறகே எடுக்க வேண்டும். அதன்பின் இளகிய சாந்தை ஒரு அங்குலமாவது சுரண்டி, தண்ணீர் தெளித்து நனைத்து, நீற்றிப் பழக்கிய சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி அடையுங்கள். குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்துங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும். சித்திரை வெயிலில் சாக்கு இல்லாமல் விட்ட பூச்சு இறுகாமல் வெறுமனே காய்ந்துபோகும், விரலால் தேய்த்தாலே பொடி உதிரும்.

ஆலயத்தைச் சுற்றித் தரையில் கிடக்கும் கற்களுக்கு அடியில் உடல்கள் இருக்கின்றனவா?

இல்லை. கேட்டதும் பலர் வியப்பது இதற்குத்தான். முற்றத்தில் நடைபாதைபோலப் பதித்திருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள் வேறு இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை.

பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்தில் இருந்தது. அங்கே பெரிய பெரிய சமாதிகள், கோபுரங்கள், தூண்கள். லாலி முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு கோட்டையைச் சுட்டது. இறந்தவர்கள் எதிரிக்கு மதிலாகிவிட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் சமாதிகளைத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் பெயர்த்து ஆலய முற்றத்தில் பதித்தார்கள்.

அத்தோடு அவற்றுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1782ல் ஹைதர் அலியோடு போர் நடந்தபோது பீரங்கிகளை நிறுத்த மதில்மேல் கெட்டித் தளம் தேவைப்பட்டது. 6 அடி நீளம், 3 அடி அகலம், அரை அடிக் கனமுள்ள கருங்கல் ஏறத்தாழ 690 கிலோ இருக்கும். பீரங்கி பின்வாங்கி உதைத்தாலும் நகராது. முற்றத்துக் கற்களைத் தோண்டி மதிலுக்கு ஏற்றினார்கள். போர் முடிந்து பல காலம் கழித்துத்தான் அவை திரும்பின. சில கற்கள் மூலை உடைந்திருப்பதைப் பார்க்கும்போது இந்தப் பயணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மூத்தது எலிசபெத் பேக்கர் என்பவரின் கல், ஆண்டு 1652. சென்னையின் முதல் பிரசிடெண்ட் (கம்பெனியின் தலைமை அதிகாரி) ஆரன் பேக்கரின் மனைவி. இங்கே வரும் கப்பல் பயணத்திலேயே இறந்தவர். இந்தியாவில் உள்ள ஆங்கிலேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாக இதைச் சொல்வார்கள். ஆலயத்தைவிட 28 ஆண்டு முந்தைய கல் ஆலய முற்றத்தில் எப்படி என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்னதே பதில்.

இடிக்காமல் விட்ட சமாதிகளும் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய சட்டக் கல்லூரி நிலத்தில் ஊசித் தூண் போன்ற ஒரு சமாதி நிற்கிறது. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியும், பின்னாளில் ஆளுநரான எலிஹு யேலின் சிறுவயது மகன் டேவிட்டும் அங்கே இருக்கிறார்கள்.

கல்லில் 1688/9 என்று இரண்டு ஆண்டு இருக்கிறது. கல்தச்சனின் பிழையா?

பிழை இல்லை. 1752க்கு முன் ஆங்கில ஆண்டு மார்ச் 25ல் தொடங்கியது என்று பார்த்தோம். எனவே சனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள நாட்களுக்கு இரண்டு ஆண்டு சொல்ல முடியும். 1688/9 பிப்ரவரி என்றால் அவர்கள் கணக்கில் இன்னும் 1688, நம் கணக்கில் 1689. கல்லில் ஒரே ஆண்டு மட்டும் இருந்து, மாதம் சனவரி, பிப்ரவரி, அல்லது மார்ச் 25க்கு முந்தைய நாளாக இருந்தால், ஓராண்டு கூட்ட வேண்டியிருக்கலாம். குடும்ப மரம் வரைபவர்கள் இதைக் கவனிக்காமல், திருமணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளைகளையும் இறந்தபின் கையெழுத்திட்ட தகப்பன்களையும் உருவாக்கிவிடுகிறார்கள்.

நாள் வேறுபாடும் உண்டு. ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டி, ஐரோப்பிய கத்தோலிக்க நாடுகளின் நாட்காட்டியைவிட 1700 வரை 10 நாளும், அதன்பின் 11 நாளும் பின்தங்கியிருந்தது. இந்த ஆலயம் பிரதிஷ்டை ஆன 1680 அக்டோபர் 28, பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரருக்கு நவம்பர் 7. 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 என்று எண்ணி ஆங்கிலேயர் கணக்கை நேர் செய்தார்கள்.

எழுத்து தேய்ந்திருக்கிறது. எப்படிப் படிப்பது, எப்படிப் படம் எடுப்பது?

நண்பகலில் போகாதீர்கள். உச்சி வெயில் நேராக விழும்போது பள்ளமான எழுத்தில் நிழலே இருக்காது. காலை 8 மணி வாக்கிலோ மாலை 5 மணி வாக்கிலோ சாய்வெயில் விழும்போது பாருங்கள், மதியம் வெறும் பாறையாகத் தெரிந்த கல்லில் வரி வரியாக எழுத்து எழும். நேரம் அமையாவிட்டால் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டித் தரைமட்டத்தில் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு படத்தில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும்.

சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கரித்துண்டு தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், கம்பித் தேய்ப்பானைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். தூசி இருந்தால் மெல்லிய தூரிகையும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

சில கற்கள் லத்தீனிலும் போர்த்துக்கீசியத்திலும் ஆர்மீனிய எழுத்திலும் இருக்கின்றன. ஆங்கிலக் கற்களிலும் எழுத்துக்கூட்டல் இன்றையது போல இருக்காது. லத்தீனில் யு இருக்க வேண்டிய இடத்தில் வி வெட்டியிருப்பார்கள், ஆண்டை ரோமன் எண்ணில் தந்திருப்பார்கள். முதலில் ஆண்டை மட்டும் படித்துவிடுங்கள், மற்றது பின்னால் வரும்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரத்துக் கருங்கல், ஆலயத்தின் வயதே அதற்கும். கல்கத்தாவை நிறுவிய ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689ல் இந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. சார்னாக் இறந்தபின் கல்கத்தாவில் அவர் சமாதியில் வைத்ததும் இதே சென்னைப் பக்கத்துக் கல். பின்னாளில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்வகைக்கு 'சார்னாகைட்' என்று பெயர் வைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகள் உலக நிலவியல் நூல்களில் இந்தப் பெயரோடுதான் இருக்கின்றன.

அடுத்து ஸ்வார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சிற்பம். தஞ்சையிலும் திருச்சியிலும் உழைத்து 1798ல் தஞ்சையில் மறைந்த ஜெர்மானிய மிஷனரி அவர். ஜான் பேக்கன் (இளையவர்) செதுக்கிய பளிங்கில் அவர் மரணப் படுக்கையில் இருக்கிறார். அருகே சக ஊழியர் கெரிக்கே, படுக்கையோரம் அவர் வளர்த்த பிள்ளைகள், மேலே சிலுவை ஏந்திய தூதன். இதைக் கம்பெனி வைத்தது. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் வைத்த சிற்பம் வேறு: ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. அதில் படுக்கை அருகே கையைப் பிடித்து நிற்பவர் மன்னரே. ஒரே மரணத்தை இரண்டு பேர் எப்படி நினைவில் வைத்தார்கள் என்று பார்க்க இரண்டையும் காண வேண்டும். ஃபிளாக்ஸ்மனின் கைவண்ணம் இங்கேயும் ஒன்று உண்டு, 1804ல் இறந்த ஜோசையா வெப் என்ற அதிகாரியின் நினைவுச் சின்னம்.

முற்றத்துக் கற்களைப் போலன்றி, உள்ளே உண்மையாகவே அடக்கம் செய்யப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆளுநர் தாமஸ் மன்றோ 1827 சூலை 6ல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். அங்கே பக்கத்தில் குத்தி (Gooty) என்ற ஊரில் புதைத்து, பின்னர் 1831ல் எச்சங்களை இங்கே கொண்டுவந்தார்கள். ஆளுநர் பிகட்டின் கதை கசப்பானது. தஞ்சை மன்னருக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்ததில் ஆலோசனைச் சபையோடு மோதினார். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் பணம் அதில் சிக்கியிருந்தது. 1776ல் சபையினரே அவரைக் கைது செய்தார்கள். 1777 மே 11 அன்று காவலிலேயே இறந்தார். பெயர் பொறிக்காமல் இங்கே புதைக்கப்பட்டார்.

பீடத்துக்கு மேலுள்ள இராப்போசனப் படத்தை வரைந்தவர் பெயர் தெரியாது. 1761ல் பாண்டிச்சேரி விழுந்தபோது அங்கிருந்து எடுத்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. திரும்பும்போது மேற்கு முனையில் செதுக்கு வேலை செய்த தேக்கு மாடத்தை நிமிர்ந்து பாருங்கள். ஆளுநரும் சபையினரும் அமர்ந்த இடம் அது.

யேல், கிளைவ் திருமணங்கள் இங்கேதானா?

ஆம். பிரதிஷ்டை ஆகி ஏழாம் நாள், 1680 நவம்பர் 4 அன்று, எலிஹு யேல் கேதரின் ஹின்மர்ஸை மணந்தார். ஆலயத்தின் முதல் திருமணம். மணமகள், மேலே சொன்ன ஊசித் தூண் சமாதியில் இருக்கும் ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. யேல் பின்னாளில் ஆளுநரானார். அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் கொடுத்த நன்கொடைக்காக 1718ல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகள் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேற்றப்பட்டதும் வரலாறுதான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராபர்ட் கிளைவ் மார்கரெட் மஸ்கெலினை மணந்தது 1753 பிப்ரவரி 18.

இது அந்தக் காலத்தில் ஊர்ச் சபையாக எப்படி இயங்கியது?

குருவுக்குச் சம்பளம் கம்பெனியுடையது. மற்றதை வெஸ்ட்ரி என்ற சபைக்குழு பார்த்துக்கொண்டது: காணிக்கை, ஏழைகளுக்கு உதவி, அனாதைப் பிள்ளைகளின் படிப்பு. 1715ல் தொடங்கிய தருமப் பள்ளியின் தொடர்ச்சி இன்றைய புனித ஜார்ஜ் பள்ளி. சென்னைக்குத் தனிப் பேராயம் 1835ல் வந்தது, முதல் பேராயர் டேனியல் கோரி. 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த ஆலயமும் அதில் சேர்ந்தது.

மூதாதையரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளை எப்படித் தேடுவது?

மூலப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நேராக ஆலயத்துக்கு வராதீர்கள். பழைய தாள் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உதிரும். சென்னை ராஜதானிப் பதிவுகளின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' வரிசையில், 1698 முதல் இருக்கின்றன. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளுக்கு மட்டும்தான் சென்னைப் பதிவேட்டை நம்ப வேண்டும்.

தேடும்போது மூன்றை நினைவில் வையுங்கள். ஒன்று, பெயரை ஒலியால் தேடுங்கள். எழுதிய குருவின் காதில் விழுந்தபடிதான் எழுத்துக்கூட்டல் இருக்கும். இரண்டு, சனவரி முதல் மார்ச் வரையிலான பதிவுகளுக்கு முன்பின் இரண்டு ஆண்டையும் பாருங்கள். மூன்று, இந்த ஆலயத்தில் கிடைக்கவில்லை என்றால் பரங்கிமலைப் படைமுகாம், வேப்பேரி, கத்தோலிக்க ஆலயங்களின் பதிவுகளுக்குப் போங்கள். தாய் போர்த்துக்கீசிய வழி என்றால் பிள்ளைகளின் ஞானஸ்நானம் கத்தோலிக்க ஆலயத்தில் இருப்பது சாதாரணம்.

போவது எப்படி?

புறநகர் ரயிலில் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. புகைப்பட அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். சட்டப்பேரவை நடக்கும் நாட்களில் கெடுபிடி கூடும். அருகிலேயே கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போனால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருங்கள். 2 அடிச் செங்கல் வளைவின் கீழ் பாட்டு எப்படிச் சுற்றி வருகிறது என்பது அப்போதுதான் கேட்கும்.